நான்கு அலைவரிசைப் பதிவில் நாட்கணக்கும் நேரமும் பொருந்தவில்லை

கேள்வி (கல்முனை):
எங்கள் கேபிள் நிலையத்தில் நான்கு அலைவரிசைகளை இரவு பகலாகக் கண்காணித்துப் பதியும் கணினி என் பொறுப்பில் உள்ளது. 2 டெராபைட் வட்டுகள் நான்கினை, ஒன்று பழுதானாலும் பதிவு அழியாதபடி காக்கும் ரெயிட் 5 முறையில் இணைத்து 90 நாள் பதிவை எதிர்பார்த்தோம். ஆனால் 70 நாள் ஆகுமுன்னரே பழைய கோப்புகள் அழிகின்றன. அத்தோடு, கடந்த மின்தடைக்குப் பின் பதிவான விளம்பரங்களின் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கித் தெரிகிறது. விளம்பரதாரர் ஆதாரம் கேட்கிறார், என்ன செய்யலாம்?

பதில் (மட்டக்களப்பு):
விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஓர் அலைவரிசைக்கு நாளொன்றுக்கு 21.6 கிகாபைட், நான்குக்கும் 90 நாளைக்கு ஏறத்தாழ 7.8 டெராபைட் தேவை. ரெயிட் 5 இல் ஒரு வட்டின் கொள்ளளவு பழுதான வட்டிலுள்ளதை மீட்க உதவும் சமநிலைத் தரவுக்கே போய்விடுவதால் உங்களிடம் எஞ்சுவது 6 டெராபைட், அதாவது 69 நாள். வீதத்தைக் குறைத்தால் திரையின் அடியில் ஓடும் சிற்றெழுத்துகள் மங்கிவிடும். வட்டைக் கூட்டுவதே மேல். நேரப் பிழைக்கு, மின்தடையிலும் கணினிக் கடிகாரத்தை ஓடவைக்கும் தாய்ப்பலகை மின்கலத்தையும் பாருங்கள்.

பதில் (அக்கரைப்பற்று):
மின்கலம் தீர்ந்திருந்தால் ஆண்டே மாறியிருக்கும், ஐயா. சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால், நேர வலயம் நம் நேரத்துக்கு அவ்வளவு பிந்திய கிரீன்விச் நேரத்துக்குத் திரும்பியிருக்கிறது. பதிவை நிறுத்திவிட்டு வலயத்தைத் திருத்துங்கள். ஓடும்போது மாற்றினால் கோப்புப் பெயர்கள் குழம்பக்கூடும். பழைய கோப்புகளைத் தொடாமல், வித்தியாசத்தை எழுதி ஆதாரத்துடன் இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வலயம்தான், ஐயா. திருத்திவிட்டேன், வட்டுக்கு முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.