டெங்கி தொற்றிய செல்லில் புரதங்களை அளப்பது: ஆர்என்ஏ தரவு இருந்தால் போதாதா?

கென்ட்ரிஜ்வாசி

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே முனைவர் பட்டப் படிப்பில் முதலாமாண்டு. ஏ549 என்ற மனித நுரையீரல் செல்களில் டெங்கி 2 வைரஸைத் தொற்றவைத்து, செல் அதை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆர்என்ஏ சீக்வென்சிங் தரவு (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது) கையில் இருக்கிறது, இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எச்சரிக்கைப் புரதம் தூண்டும் மரபணுக்கள் எல்லாம் எதிர்பார்த்தபடி ஏறியிருக்கின்றன. இப்போது பேராசிரியர், செல்லின் புரதங்களை மொத்தமாக அளக்கும் புரோட்டியோமிக்ஸும் செய்யச் சொல்கிறார். கோர் ஃபெசிலிட்டியில் (எல்லாருக்கும் பொதுவான கருவிக்கூடம்) கேட்டேன், பட்ஜெட் ஒரே ஒரு சுற்றுக்குத்தான் வரும், அதனால் சொதப்ப முடியாது.

ஆர்என்ஏ-விலேயே இவ்வளவு தெரியும்போது புரதத்தை அளந்து புதிதாக என்ன கிடைக்கும்? அப்படியே செய்தாலும், மாதிரிகளுக்கு வேதியியல் லேபிள் ஒட்டிக் கலந்து அளக்கும் டிஎம்டி நல்லதா, ஒவ்வொரு மாதிரியையும் தனியாக ஓட்டும் லேபிள் இல்லாத டிஐஏ நல்லதா? இங்கே சிங்கப்பூரில் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்துப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

ட்ரிப்சின்24

தம்பி, டிஎம்டியா டிஐஏயா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதல் கேள்விதான் முக்கியம், அதற்கு உங்கள் வைரஸே பதில் வைத்திருக்கிறது.

டெங்கியின் என்எஸ்5 புரதம், இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் மனித ஸ்டாட்2 புரதத்தைப் பிடித்துச் சிதைக்க வைக்கிறது. யுபிஆர்4 என்ற செல்லின் சொந்தப் புரதத்தையே இந்த வேலைக்குப் பயன்படுத்துகிறது என்று 2013ல் காட்டினார்கள். ஸ்டாட்2 இல்லையென்றால் இன்டர்ஃபெரான் வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே செய்தி போகாது. இப்போது உங்கள் ஆர்என்ஏ தரவைத் திறந்து ஸ்டாட்2 வரிசையைப் பாருங்கள். அதுவே இன்டர்ஃபெரான் தூண்டும் மரபணு என்பதால் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆர்என்ஏ ஏறுகிறது, அதே செல்லில் புரதம் காணாமல் போகிறது. வைரஸ் ஜெயிக்கிற இடமே இதுதான், இது சீக்வென்சிங்கில் தெரியவே தெரியாது. எலியின் ஸ்டாட்2-வை என்எஸ்5 இப்படிச் சிதைப்பதில்லை, சாதாரண எலிக்கு டெங்கி சரியாகத் தொற்றாததற்கு அது ஒரு காரணம். ஒரு புரதத்தின் அளவு எந்த விலங்குக்கு நோய் வரும் என்பது வரைக்கும் பாதிக்கிறது என்றால், அதை அளக்காமல் எப்படி விட முடியும்?

அடுத்தது, இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது: எத்தனை செல்லில் வைரஸ் இருக்கிறது என்று தெரியாமல் மாதிரியை மெஷினில் ஏற்றாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தில் மூன்று செல்லில்தான் தொற்று, அந்த மூன்றிலும் ஸ்டாட்2 பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் 73 விழுக்காடு மிச்சம் இருப்பதாகத் தெரியும். யாரும் அதைப் பெரிய மாற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதுமட்டுமில்லை, தொற்றாத பக்கத்துச் செல்கள் இன்டர்ஃபெரானை உணர்ந்து தங்கள் ஸ்டாட்2-வை ஏற்றும், ஆக இருக்கிற கொஞ்ச வித்தியாசமும் அழிந்துபோகும். எம்ஓஐயை, அதாவது ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் என்பதை, கூட்டுங்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செல்லை ஒதுக்கி டெங்கியின் உறைப்புரதத்தில் ஒட்டும் 4ஜி2 ஆன்டிபாடி போட்டு, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பாருங்கள். விழுக்காடு குறைவாக இருந்தால், ஃபிக்ஸ் செய்து சார்ட் செய்து தொற்றிய செல்லை மட்டும் எடுப்பது தனி வேலைதான், ஆனால் செய்யலாம்.

வைரஸ் போடாத ஒப்பீட்டு மாதிரியை, அதாவது மாக்கை, எப்படி வைத்திருக்கிறீர்கள்? வைரஸை சி6/36 கொசுச் செல்லில் வளர்த்தால், தொற்றாத சி6/36-ன் மேல்திரவத்தைத்தான் மாக்கில் ஊற்ற வேண்டும். வெறும் மீடியம் ஊற்றினால் கொசுப் புரதத்துக்கு மனிதச் செல் காட்டும் மாற்றத்தையும் வைரஸ் கணக்கில் எழுதிவிடுவீர்கள். யூவி கொடுத்துச் செயலிழக்கச் செய்த வைரஸ் ஒரு கன்ட்ரோலாக இருந்தால் இன்னும் நல்லது.

நீலக்கொசு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மொத்தப் புரதத்தையும் அளப்பதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பது என் கருத்து. வைரஸ் நிறைய இடத்தில் அளவை மாற்றுவதே இல்லை, யார் யாரோடு ஒட்டுகிறார்கள் என்பதைத்தான் மாற்றுகிறது. 2020ல் கொவிட் வந்த சில மாதத்திலேயே கலிஃபோர்னியாவில் நெவன் க்ரோகன் குழுவினர் அந்த வைரஸின் 26 புரதங்களை ஒவ்வொன்றாக மனிதச் செல்லில் போட்டு, கூடவே ஒட்டி வருவதை மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளை எடைபோடும் கருவி) படித்து 332 ஒட்டுறவுகளைப் பட்டியலிட்டார்கள். உடனே மருந்து தேட அது ஒரு வரைபடமாக இருந்தது. அதன் குறையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஒரு நேரத்தில் ஒரு வைரஸ் புரதம், உண்மையான தொற்று இல்லை. இருந்தாலும் எங்கே கைவைக்கலாம் என்று அவ்வளவு சீக்கிரம் சொல்ல வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

நம் ஊரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஆர்ட்டிமிசினின் மலேரியாக் கிருமியை எப்படிக் கொல்கிறது என்று வெகுகாலமாகச் சண்டை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015ல் அந்த மருந்தோடு ஒரு கொக்கியை இணைத்துக் கிருமிக்குள் விட்டு, அது ஒட்டிய புரதங்களை இழுத்துப் பார்த்தார்கள். 124 புரதங்கள்! ஒரே ஒரு இலக்கு என்று தேடிக்கொண்டிருந்தால் கிடைத்தே இருக்காது. ரத்தத்தின் ஹீம் மருந்தை முடுக்கிவிடுகிறது, அப்புறம் அது கண்டதிலெல்லாம் ஒட்டுகிறது. பிறகு 2019ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து குவினைன் பற்றி வந்தது. மருந்து ஒட்டிய புரதம் சூட்டில் கட்டியாகும் வெப்பநிலை மாறும் என்பதை வைத்து, ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் சூடேற்றிப் பார்க்கும் செட்சா முறை. பியூரின் நியூக்ளியோசைட் ஃபாஸ்ஃபொரிலேஸ் என்ற ஒரு என்சைமில் குவினைன் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் விழுங்கிய மருந்து அது! புரதத்தைக் கையில் எடுத்தால்தான் இதெல்லாம் தெரியும்.

டெங்கிக்கும் இதே வழி திறந்துதான் இருக்கிறது. வைரஸின் என்எஸ்3 அல்லது என்எஸ்5 புரதத்தில் டர்போஐடி போன்ற என்சைமைப் பொருத்தினால், பத்து நிமிடத்தில் அக்கம்பக்கத்துப் புரதங்களுக்கெல்லாம் பயோட்டின் என்ற அடையாளம் ஒட்டிவிடும், அதை வைத்து அவற்றை இழுத்தெடுக்கலாம். உங்கள் பட்ஜெட் ஒரு சுற்றுதான் என்றால், அதை இதில் போடுவதை நான் யோசிப்பேன்.

இரவுப்பணி

நான் ஆராய்ச்சியாளர் இல்லை, மருத்துவமனை நுண்ணுயிரி ஆய்வுக்கூடத்தில் டெக்னாலஜிஸ்ட். புரோட்டியோமிக்ஸ் என்றாலே பெரிய பெரிய பேப்பர் என்று நினைத்துவிட வேண்டாம், நோயாளிக்குப் பக்கத்தில் அது தினமும் நடக்கிறது. ரத்த வளர்ப்பில் பாக்டீரியா வளர்ந்ததும் ஒரு துளி காலனியைத் தட்டில் தடவி, மேட்ரிக்ஸ் ஊற்றி மால்டி-டாஃப் கருவியில் வைத்தால் சில நிமிடத்தில் பெயர் சொல்லிவிடும். அது பார்ப்பது பெரும்பாலும் ரைபோசோம் புரதங்களின் எடையைத்தான். முன்பு உயிர்வேதியியல் சோதனைகள் போட்டு மறுநாள் வரை காத்திருப்போம், ஐசியுவில் இருப்பவருக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அது எங்கே தடுக்குகிறது என்பதையும் ஆராய்ச்சி செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஈ. கோலையையும் ஷிகெல்லாவையும் நம்பிப் பிரிக்க முடியாது. மெலியோய்டோசிஸ் நம் பகுதியின் நோய், அதன் கிருமி கருவியின் ஒப்பீட்டு நூலகத்தில் சரியாக இல்லையென்றால் கருவி அதன் ஆபத்தில்லாத உறவினர் பெயரைச் சொல்லிவிடக்கூடும், அது நோயாளிக்கும் ஆபத்து, மேசையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் ஆபத்து. 2015ல் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டுப் பலருக்குக் குரூப் பி ஸ்ட்ரெப் தொற்று வந்தது நினைவிருக்கும். கிருமியின் இனத்தை மால்டி சொல்லும், அது எஸ்டி283 என்ற தனி வகை என்று பிரித்துக் காட்ட மரபணு வரிசைதான் தேவைப்பட்டது. அதனால் புரதமா மரபணுவா என்று கட்சி பிரிக்காதீர்கள், எது எதற்குப் பதில் சொல்லும் என்று பாருங்கள்.

கென்ட்ரிஜ்வாசி

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஸ்டாட்2 வரிசையைத் திறந்து பார்த்தேன், ஆர்என்ஏ உண்மையிலேயே ஏறித்தான் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். டெங்கியின் என்எஸ்2பி-3 புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்), செல்லின் வைரஸ் எச்சரிக்கையில் பங்குள்ள மனித ஸ்டிங் புரதத்தை வெட்டுகிறது என்று படித்தேன். இந்த மாதிரி வெட்டுகளையும் அதே தரவில் பிடிக்க முடியுமா? அப்புறம் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொடுக்கும்போது வைரஸ் செத்துவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

ட்ரிப்சின்24

நல்ல கேள்வி. இந்த வெட்டு சாதாரண முறையில் கிட்டத்தட்ட தெரியாது, காரணத்தைக் கேளுங்கள். என்எஸ்3 புரோட்டியேஸ் ஆர்ஜினின், லைசின் அடுத்தடுத்து வரும் இடத்துக்குப் பின்னால் வெட்டப் பிரியப்படும். புரதத்தைப் பெப்டைட் என்ற சின்னத் துண்டுகளாக்க நாம் மாதிரியில் ஊற்றும் ட்ரிப்சினும் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால்தான் வெட்டும். வைரஸ் வெட்டிய முனையும் நாம் வெட்டிய முனையும் ஒரே மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு, ஸ்டிங் இரண்டு துண்டாகக் கிடந்தாலும் அதன் பெப்டைட்கள் அங்கேயே இருப்பதால் மொத்த அளவு குறையவே குறையாது. ட்ரிப்சின் ஊற்றுவதற்கு முன்பே புரதங்களின் என்-முனைகளை வேதியியல் முறையில் அடைத்துவிட்டு, அடைபட்ட முனைகளை மட்டும் தேடினால் வைரஸின் வெட்டு தனியாகத் தெரியும். அதற்குத் தனிச் சோதனை வேண்டும். இந்தச் சுற்றில் அதையும் திணிக்காதீர்கள்.

நீலக்கொசு சொன்ன டர்போஐடி எனக்கும் பிடித்த வழிதான். ஆனால் அதற்கு வைரஸையே மாற்றியமைக்க வேண்டும், அல்லது என்எஸ்5-ஐத் தனியாகச் செல்லில் போட வேண்டும். முதலாமாண்டில் இருப்பவருக்கு, ஆர்என்ஏ தரவு ஏற்கெனவே இருக்கும்போது, அதே நேரப் புள்ளிகளில் மொத்தப் புரதம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைப்பதுதான் உறுதியான முதல் படி. ஆர்என்ஏ ஏறிப் புரதம் இறங்கியவை எவை என்ற பட்டியலே அடுத்து எங்கே போக வேண்டும் என்று காட்டிவிடும்.

டிஎம்டியில் 18 சேனல் இருக்கிறது, மூன்று நேரம், மாக், தொற்று, மூன்று ரெப்ளிகேட் என்று கச்சிதமாக அடங்கும், விடுபட்ட மதிப்புகளும் குறைவு. ஆனால் பக்கத்துப் பெப்டைட்கள் கலந்து வித்தியாசத்தைச் சுருக்கிவிடும், எம்எஸ்3 (இன்னொரு முறை உடைத்து அளப்பது) வசதியுள்ள கருவி இல்லையென்றால் ஸ்டாட்2 போன்ற இறக்கம் இன்னும் சின்னதாகத் தெரியும். ஏற்கெனவே தொற்றாத செல்கள் சுருக்கிய வித்தியாசத்தை இன்னொரு முறை சுருக்க வேண்டாம். நான் டிஐஏ பக்கம்தான் சாய்வேன், ரெப்ளிகேட்டை நான்காக வைத்துக்கொள்ளுங்கள், மெஷினில் ஏற்றும் வரிசையைக் கலைத்துப் போடுங்கள். மாக் எல்லாம் முதல் நாள், தொற்று எல்லாம் மறுநாள் என்று ஓட்டினால் வைரஸின் விளைவையும் காலத்தின் விளைவையும் யாராலும் பிரிக்க முடியாது. இன்டர்ஃபெரான், சைட்டோகைன் எல்லாம் மிகக் குறைவாக இருப்பவை, செல் சாற்றில் அவற்றைத் தேடாதீர்கள், மேல்திரவத்தை எலைசாவுக்கு எடுத்து வையுங்கள்.

வைரஸைச் செயலிழக்கச் செய்ய எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் கலந்த, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரும் சூடும் பொதுவாகப் போதும், ஆனால் பொதுவாக என்பது உங்கள் உயிர்ப்பாதுகாப்புக் குழுவுக்குப் பதிலாகாது. அதே பஃபர், அதே நேரம், அதே சூட்டில் வைத்து, எஸ்டிஎஸ்ஸை நீக்கிவிட்டு, மிச்சத்தைப் புதிய செல்லில் போட்டுப் பிளாக் அசே (வைரஸ் கொன்ற செல் திட்டுகளை எண்ணும் சோதனை) செய்து, ஒன்றும் வளரவில்லை என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எஸ்டிஎஸ்ஸை எஸ்பி3 மணிகளிலோ எஸ்-ட்ராப்பிலோ சுத்தமாகக் கழுவிவிடலாம். ட்ரைட்டன் என்ற சோப்பு வேண்டவே வேண்டாம், அந்த பாலிமர் உச்சங்கள் கோர் ஃபெசிலிட்டியின் பெப்டைட் பிரிக்கும் குழாயையே கெடுத்துவிடும், அடுத்து யாருடைய மாதிரி ஏறுகிறதோ அவருக்கும் சேர்த்து நஷ்டம். கையுறை, சுத்தமான மேசை, இல்லையென்றால் உங்கள் தோல், முடியின் கெரட்டின் புரதத்தைத்தான் படிப்பீர்கள்.

தேடும்போது யூனிப்ராட் தரவுத்தளத்தின் மனிதப் புரத வரிசைகளோடு உங்கள் டெங்கி ஸ்ட்ரெயினின் பாலிபுரோட்டீனையும் (வைரஸ் முதலில் ஒரே நீளமாகச் செய்யும் புரதம்) சேருங்கள், அதைப் பத்துப் புரதங்களாக வெட்டியே சேருங்கள், அப்போதுதான் என்எஸ்5 எவ்வளவு, கேப்ஸிட் எவ்வளவு என்று தனித்தனியாக வரும். சீரத்தின் மாட்டுப் புரதங்களும் பட்டியலில் இருக்கட்டும்.

நான்கு ரெப்ளிகேட்டுக்கும் ஃப்ளோ படங்களை எடுத்ததும் இங்கேயே போடுங்கள் தம்பி, லைசிஸ் செய்வதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.