படிவத்துல 'பிறந்த ஊர்' கட்டத்தை வெறுமனே விட்டா அது பொய்யா?

கேள்வி: சேரன்மகாதேவி களப்பணி

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சு ஆறு வருசமா தாமிரபரணிக் கரையில ஒரு தொண்டு நிறுவனத்துல வேலை பார்க்கேன். பீடி சுத்துற பெண்களோட காசநோய் சிகிச்சை, குழு சேமிப்பு, பிள்ளைங்க படிப்பு, இதுதான் வேலை. ஊர்ப்பேர் சொல்லல. சில விவரத்தை மாத்தித்தான் எழுதுதேன்.

ஒரு அக்கா. பேசும்போதும் மடியில சொளகு இருக்கும், கை நிக்காது. ரெண்டு வருசப் பழக்கம், நம்ம ஊர்ப் பேச்சுதான் பேசுவாங்க. போன மாசம் மகளுக்குக் கடும் காய்ச்சல். பதறிப்போய் "ஓம், ராமுழுக்க என்னவோ கதைச்சுக்கொண்டு கிடந்தவள்"னு சொல்லிட்டு சட்டுனு வாயை மூடிட்டாங்க. நான் ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரம் அவங்களாவே சொன்னாங்க.

1990-ல, ஏழு வயசுல, மன்னார்ல இருந்து படகுல வந்தவங்க. மண்டபம் முகாம்ல கொஞ்ச நாள். அப்புறம் அப்பா யார்ட்டயும் சொல்லாம குடும்பத்தைக் கூட்டிட்டு இந்தப் பக்கம் வந்துட்டார். அதுக்குப் பிறகு எந்த முகாம்லயும் பேர் இல்ல. கட்டினது நம்மூர்க்காரரை, அவர் இப்ப உயிரோட இல்ல. மகன் 2003, மகள் 2009. மகள் வயித்துல இருக்கும்போது, ஆஸ்பத்திரி போனா விசாரிப்பாங்கன்னு பயந்து வீட்லயே பெத்திருக்காங்க. பிறப்புப் பதிவே கிடையாது.

இப்ப என் கையில ரெண்டு தாள் இருக்கு. ஒண்ணு, ஆபீஸ்ல புதுசா வந்த படிவம். அதுல 'பிறந்த ஊர்', 'குடும்பம் எப்போது இங்கு வந்தது'ன்னு ரெண்டு கட்டம். நான் அதை மட்டும் நிரப்பல. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னு மேற்பார்வையாளர் சொல்லுதாங்க. இன்னொண்ணு அந்த அக்கா கொடுத்தது. "இவர் பிறந்ததிலிருந்தே இவ்வூரைச் சேர்ந்தவர், எனக்குத் தெரியும்"னு நான் கையெழுத்துப் போடணுமாம். மகள் பதினொண்ணாம் வகுப்பு படிக்கா. அடுத்த வருசம் காலேஜுக்குச் சான்றிதழ் எல்லாம் கேப்பாங்களே.

கையெழுத்துப் போட மனசு வரல. போடாம அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கவும் முடியல. நீங்க என்ன செய்வீங்க?

பதில்: பாளை வழக்கறிஞர்

தங்கச்சி, கையெழுத்துப் போடாதம்மா. பொய்ச் சான்று கொடுத்தா உனக்கு மட்டும் ஆபத்து இல்ல. நாளைக்கு அது உடைஞ்சா, அந்தப் பிள்ளையோட உண்மையான காகிதத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க.

அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே வீட்ல பிறந்தாலும் சட்டத்துல நிலைமை வேற. 1987 ஜூலை 1-லிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்னால வரை இங்க பிறந்தவங்களுக்கு, அப்பா அம்மால ஒருத்தர் இந்தியக் குடிமகனா இருந்தாப் போதும். ஆக மகன் குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவங்களுக்கு, ஒருத்தர் குடிமகனா இருந்தாலும் இன்னொருத்தர் 'சட்டவிரோதக் குடியேறி'யா இருக்கக் கூடாது. மகள் மாட்டுறது அங்கதான். 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு. ஆனா அது இங்க பிறந்தவங்களுக்கான வழி. அந்த அம்மா பிறந்தது மன்னார். பக்கத்து நாட்டுல இருந்து வந்தவங்களுக்குக் குடியுரிமை கொடுக்குற 2019 சட்டத் திருத்தத்துலயும் இலங்கை இல்ல.

ஆனா கதவு எல்லாம் அடைக்கல. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து தஞ்சம் புகுந்து, பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்களுக்கு 2025-ல வந்த புதுக் குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்தோட தண்டனைப் பிரிவுகள்ல இருந்து விலக்கு கொடுத்திருக்காங்க. 'பதிவு பண்ணின'ங்கிற அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கோ. மண்டபத்துல அவங்க குடும்பம் பேர் கொடுத்திருக்கான்னு பார்க்கணும். அதைத் தேடி நீ எந்த ஆபீஸுக்கும் போயிராதே. வக்கீல் வழியாப் போகட்டும். கட்சிக்காரர் வக்கீல்ட்ட சொல்றதுக்குச் சாட்சியச் சட்டத்துல பாதுகாப்பு உண்டு. உன்ட்ட சொன்னதுக்கு அது கிடையாது, கோர்ட் கேட்டா நீ பதில் சொல்லியாகணும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல வக்கீல் இலவசம்.

மகளோட பிறப்பை இப்பவும் பதியலாம். ஒரு வருசம் தாண்டினதால அதிகாரி உத்தரவு வாங்கணும். அது குடியுரிமை ஆகாது. ஆனா எப்ப, எங்க பிறந்தான்னு அரசாங்கம் எழுதிக்கொடுத்த தாள் ஒண்ணு கையில இருக்கும்.

பதில்: வள்ளியூர் ராஜ்

சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆபீஸ் கேட்டதை மறைக்கிறது சம்பளம் கொடுக்கிறவங்களுக்குச் செய்ற துரோகம் இல்லையா?

பதில்: தென்காசிப் பொண்ணு, இப்ப ஹூஸ்டன்

ராஜ் அண்ணாச்சி, நான் இங்க ஆஸ்பத்திரியில சமூகப் பணியாளர். எங்க தேசிய சங்கத்தோட நெறிமுறையில, குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்குறதை எதிர்க்கணும்னே எழுதியிருக்கு. 2024 நவம்பர்ல இருந்து டெக்சாஸ் ஆஸ்பத்திரிகள்ல நோயாளி சட்டப்படி இருக்காங்களான்னு கேக்கணும்னு ஆளுநர் உத்தரவு. அதே உத்தரவுல, பதில் எதுவானாலும் சிகிச்சையைப் பாதிக்காதுன்னு நோயாளிக்குச் சொல்லணும்னும் இருக்கு. அந்த ரெண்டாவது வரியை நான் நிதானமா, கண்ணைப் பார்த்துச் சொல்லுவேன். அது வரைக்கும் கழுத்துத் தாலியை இறுக்கிப் பிடிச்சிருந்த ஒரு அம்மா, அதுக்குப் பிறகுதான் வயித்துவலி எங்கன்னு காட்டினாங்க.

தங்கச்சி, ஒருத்தருக்கு உதவி செய்யத் தேவைப்படாத விவரத்தை ஃபைல்ல ஏத்தாதே. நீ வேலையை விட்டுப் போன பிறகும் அந்த ஃபைல் அங்கதான் இருக்கும், யார் கையில போகும்னு யாருக்குத் தெரியும்? காசநோய் மாத்திரைக்குப் பிறந்த ஊர் எதுக்கு?

பதில்: ஐகிரவுண்டு பக்கத்துல இருந்து

வெறுமனே விடுறது பொய் இல்ல, 'திருநெல்வேலி'ன்னு எழுதினாத்தான் பொய். ஆனா விட்டதை ஒளிக்காதீங்க. 'தேவையில்லாததால் கேட்கவில்லை'ன்னு எல்லார் படிவத்துலயும் ஒண்ணு போல எழுதுங்க. ஒரு வீட்டுப் படிவத்துல மட்டும் காலியா இருந்தா அதுவே காட்டிக்கொடுத்துரும்.

'யார்ட்டயும் சொல்ல மாட்டேன்'னு மட்டும் வாக்குக் கொடுத்துராதீங்க. நான் ஒரு தடவை கொடுத்தேன். பிறகு அந்த வீட்டுப் பிள்ளைக்கு நடந்த கொடுமை தெரிய வந்துச்சு. போக்சோவுல தெரிஞ்ச எவரும் புகார் கொடுத்தே ஆகணும். கொடுத்தேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா முதல் நாளே எதைக் காப்பாத்த முடியும், எதைக் காப்பாத்த முடியாதுன்னு சொல்லியிருந்தா, அந்த அம்மா என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியிருக்க மாட்டாங்க.

பதில்: சேரன்மகாதேவி களப்பணி

எல்லாருக்கும் நன்றி. ராஜ் அண்ணாச்சி, சம்பளம் ஆபீஸ் கொடுக்குது, சரிதான். ஆனா அந்த அக்கா மனசைத் திறந்தது என் ஆபீஸ்ட்ட இல்ல.

என் பகுதியில நாப்பத்தொரு படிவம். எல்லாத்துலயும் அந்த ரெண்டு கட்டத்துல 'கேட்கவில்லை'ன்னு எழுதி, காரணத்தைத் தனித் தாள்ல எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் கோவப்பட்டாங்க. மேல அனுப்புதேன்னு வாங்கி வச்சிருக்காங்க, பார்ப்போம்.

நேத்து சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட முடியாதுன்னு சொன்னதும் தலையைத் தூக்காம சுத்திக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரம். நானும் எந்திரிக்கல. வக்கீல், மண்டபம் பதிவு, பிறப்புப் பதிவு எல்லாம் சொன்னேன். என்ட்ட சொன்னதுல எதை என்னால காப்பாத்த முடியாதுங்கிறதையும் சொன்னேன். கடைசியில, "அம்மான்ர தகரப் பெட்டிக்குள்ள ஏதோ ஒரு சீட்டுக் கிடந்தது, கறையான் தின்னாட்டி இருக்கும்"னாங்க. என் முன்னால அவங்க அப்படிப் பேசினது இது ரெண்டாவது தடவை. இந்தத் தடவை வாயை மூடிக்கல.

திங்கக்கிழமை காலையில பாளை கோர்ட்டுக்குக் கூடப் போறேன். மகளும் வாரேன்னு சொல்லியிருக்கா.