பச்சைத் திருக்கைப் படம்: மரக்கட்டை அச்சா, வெறும் பிரின்ட்டா?

காட்பாடி ஜங்ஷன்:
ராணிப்பேட்டையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது மாமனாருக்குக் கிடைத்த படம், இப்போது எங்கள் ஹாலுக்கு வந்திருக்கிறது. கறுப்புக் கோட்டில் அச்சடித்து வாட்டர் கலர் பூசிய திருக்கை மீன். மேலே புரியாத எழுத்தில் இரண்டு வரி. முதுகு முழுக்கப் பச்சை. அம்மா பார்த்துவிட்டு, "பச்சைத் திருக்கையை எந்தக் கடல்ல புடிச்சாங்க, காசிமேட்டுலகூட வராதே" என்றார். மாமனாரோ நானூறு வருஷப் பழசு என்று அடித்துச் சொல்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலாற்றங்கரை:
பிரான்சிஸ் டே புத்தகத்துப் படமாக இருக்கும் சார். மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்தவர், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டிருக்கிறார்.

பழங்காகிதம்:
அது 1875-78, கல்லச்சு. அதற்கு முன்னால் பேட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூறை 1803-ல் வெளியிட்டார், அது செப்புத் தகட்டு அச்சு. மரக்கட்டை என்றால் இன்னும் பின்னால் போக வேண்டும்: பிரான்சின் லியோனில் 1554-ல் ரோந்தலே, சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1558-ல் கெஸ்னர், இரண்டு பேரும் மரக்கட்டைப் படங்களோடு மீன் புத்தகம் போட்டவர்கள். ரோந்தலே புத்தகத்தில் துறவி மாதிரி மொட்டைத் தலையும் செதில் அங்கியுமாக ஒரு 'கடல் துறவி'கூட உண்டு, அதோடு பார்த்தால் உங்கள் பச்சைத் திருக்கை ரொம்ப யோக்கியமான மீன்.

கலரை விடுங்கள், கலரை நேற்றுகூடப் பூசலாம். முதலில் லென்ஸ் வைத்துக் கோட்டைப் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் புத்தகத்திலிருந்து எடுத்த ஆஃப்செட் பிரின்ட், விஷயம் முடிந்தது. மரக்கட்டையில் மேடாக நிற்கும் கோடுதான் மை தடவிக்கொண்டு காகிதத்தை அழுத்தும், அதனால் கோட்டின் ஓரத்தில் மை பிதுங்கி விளிம்பு கட்டியிருக்கும், பின்பக்கம் விரலால் தடவினால் கோடு லேசாகப் புடைத்திருக்கும். செப்புத் தகடு என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த சதுரப் பள்ளம் இருக்கும். பின்பக்கம் பார்க்க ஃபிரேமைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். படக்கட்டையை அச்சு எழுத்துகளோடு சேர்த்தே பூட்டி அடிப்பார்கள் என்பதால், புத்தகத்திலிருந்து வந்த தாள் என்றால் பெரும்பாலும் பின்னாலும் எழுத்து இருக்கும்.

காட்பாடி ஜங்ஷன்:
பிரித்தேன். புள்ளி இல்லை. பின்னால் பக்கம் நிறைய எழுத்து, தரங்கம்பாடியில் பார்த்த பழைய ஜெர்மன் புத்தகங்களின் எழுத்து போலக் கொக்கி கொக்கியாக. வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கோடு ஓடுகிறது. ஆனால் ஒரு வயிற்றெரிச்சல், திருக்கையின் முதுகுக்கு நேர் பின்னால் தாள் பழுப்பாகி, தொட்டால் உதிரும் போல இருக்கிறது. எண்ணெய்க் கறையா?

பழங்காகிதம்:
எண்ணெய் இல்லை, பச்சைதான். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் ஏறுமே களிம்பு, அதே செப்புக் களிம்பைத்தான் அந்தக் காலத்தில் பச்சைச் சாயமாக அரைத்தார்கள். அதிலிருக்கும் செம்பு வருஷக்கணக்கில் காகிதத்தை அரிக்கும். அதனால் நேற்றைய பூச்சு இல்லை, உங்கள் மாமனார் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். கெஸ்னரின் மீன் புத்தகம் 1563-ல் ஜெர்மனிலும் வந்தது, பின்பக்கத்து எழுத்தைப் போட்டோ எடுத்து அந்தப் பதிப்போடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள், ஒத்துவராமல் பேர் சொல்லாதீர்கள். அம்மா கேட்டதற்கும் இதுதான் பதில்: சாயம் பூசியவர் கடற்கரைக்காரர் இல்லை, கிண்ணத்தில் இருந்த பச்சையைப் பூசிவிட்டார்.

சத்துவாச்சாரி சரவணன்:
தம்பி, ஒரு அனுபவம் சொல்கிறேன். எங்கள் தாத்தா காலத்துப் படம் ஒன்றைச் சட்டம் போடும் கடையில் கொடுத்தேன், ஓரத்தை வெட்டிவிட்டு அட்டையில் கோந்து போட்டு ஒட்டியே தந்தார்கள். பழைய ஃபிரேமுக்குள் அளவு சரியாக வரவில்லை என்றாலும் வெட்ட விடாதீர்கள். அப்புறம் நம்ம ஊர் வெயிலுக்கு மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம்.

காட்பாடி ஜங்ஷன்:
மேற்குச் சுவரில்தான் ஆணி அடித்து வைத்திருக்கிறேன் அண்ணே. இப்போதைக்குப் பீரோவில் துணிக்கு நடுவில் படுத்திருக்கிறது, அம்மாவின் பட்டுப்புடவைக்கு மேல்.