பொருள்: 'காண்டாக்ட் டைம்' தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

நாகர்கோவில், துண்டறிக்கை தயாரிப்பவர்:

வணக்கம். கார்ன் பாம்பு, தாடிப் பல்லி, சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்களுக்கு, பெட்டியைக் கழுவிக் கிருமி போக்கும் முறை பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை. வெளிநாட்டு இனங்களுக்கு மட்டும்தான். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அடியில் தனியாகப் போட்டிருக்கிறோம்.

இப்போதைய வரி: "பிளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. தொடர்பு நேரம் 10 நிமிடம்." மருந்து பூசிய இடத்தில் வேலை செய்ய விட வேண்டிய நேரத்தைத்தான் ஆங்கிலத்தில் காண்டாக்ட் டைம் என்கிறார்கள். படித்துப் பார்த்தவர் கேட்டது: "பத்து நிமிஷம் யாரைத் தொடர்புகொள்ளணும்?" சொல் தாருங்கள்.

தக்கலை, தமிழாசிரியர்:

ஊறுநேரம். "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று வள்ளுவர் ஐம்புலனை அடுக்குகிறாரே, அங்கே ஊறு என்றால் தொடுகை. கெடு கேடாவதும் சுடு சூடாவதும் போல உறு ஊறாகிறது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஊறப்போடுவதும் இதே ஒலிதான். மருந்து தொட வேண்டும், ஊறவும் வேண்டும். இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. வேறென்ன வேண்டும்?

மார்த்தாண்டம், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, இரண்டு குதிரையில் கால் வைக்க நன்னூல் விடாது. தொடுகை என்ற பெயராக எடுத்தால் "டறவொற் றிரட்டும்", அதாவது ட், ற் இரட்டிக்கும். ஆறும் நீரும் ஆற்றுநீர் ஆவதுபோல இது ஊற்றுநேரம் ஆகிவிடும். படிப்பவர் பெட்டிக்குள் ஊற்றத் தொடங்குவார். ஊறுகாய்போல வினைத்தொகை என்றால் சரி, ஆனால் தொடுகை போச்சு. "ஊறொரால்" குறளில் ஊறு இடையூறு. அந்தப் பொருளும் ஒட்டிக்கொண்டு வரும்.

தக்கலை:

"வேற்றுமை மிகவே" என்றுதான் சூத்திரம் முடிகிறது. மிகவே என்றால் பெரும்பான்மை. சிறுபான்மைக்கு இடம் விட்டவர் பவணந்தியார். நீங்கள் ஏன் அடைக்கிறீர்கள்?

நாகர்கோவில், கால்நடை மருத்துவர்:

சொல் எதைச் சுமக்க வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். உயிரை வேறு அறைக்கு மாற்றிய பின், எச்சத்தைச் சுரண்டி எடுத்து, சோப்பு நீரால் தேய்த்து, சோப்பு போகும்வரை அலசி, அதற்குப் பிறகே மருந்து. எச்சம் கிடந்தால் பிளீச்சின் குளோரின் அதோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. இன்னொரு கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினுக்கு எதிரி சோப்பு. 2 சதவீதக் கரைசலில் 25 மில்லி எடுத்து, 1 லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்தால் 0.05 சதவீதம் கிடைக்கும். சோப்பு மிச்சமிருந்தால் அதுவும் வீண்.

இனிதான் நம் நேரம் வருகிறது. பூசிய இடம் 10 நிமிடம் காயாமல் இருக்க வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் மூன்று நிமிடத்தில் காய்ந்தால் மறுபடி பூச வேண்டும். 70 சதவீத ஆல்கஹால் பெட்டிக்குத் தோதுப்படாததும் அது முந்திப் பறந்துவிடுவதால்தான். தொடுவதும் ஊறுவதும் இங்கே முக்கியமில்லை, ஈரம்தான் முக்கியம். ஈரநேரம் என்று போடுங்கள்.

குலசேகரம், ரப்பர் விவசாயி:

டாக்டர் சொல்வது சரி. ஊறு என்றால் எங்களுக்குக் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறுவதுதான் ஞாபகம் வரும், அது மாதக்கணக்கு. மரக்கட்டையை பிளீச்சில் முக்கி மறந்துவிடுவார்கள். துளையுள்ள மரம் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. அழுக்கான மரத்தைத் தூக்கிப் போடுவதே மேல்.

சொல்லோடு சம்பந்தமில்லாவிட்டாலும் இதையும் அச்சில் சேர்க்கணும்: ரப்பர் பால் உறையவைக்கும் பார்மிக் ஆசிட் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. அதை அளக்கும் குவளையில் பிளீச்சை அளக்கக் கூடாது. ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். எங்கள் பேச்சில் "மருந்து நிக்கட்டு" என்போம். நிற்புநேரம் ஆகாதா?

தக்கலை:

"இன்சொலால் ஈரம் அளைஇ" என்ற இடத்தில் ஈரம் அன்பு. ஈரநேரம் என்றால் காதலர் சந்திப்பு நேரம்போல இருக்கிறது. நிற்பு பேருந்துக்குப் பொருந்தும்.

கன்னியாகுமரி, கணினித் தமிழ் ஆர்வலர்:

தலைப்பில் 'கிருமிநாசினி' இருக்கிறதே, அதை யாரும் கேட்கவில்லையா? இரு பாதியும் வடசொல். தொற்றுநீக்கி என்று மாற்ற வேண்டும்.

மருத்துவர்:

புட்டியில் கிருமிநாசினி என்று இருப்பதைத்தான் கடையில் தேடுவார்கள். என் கவலை வேறு. அந்தப் பெயரை நம்பிப் பினாயிலையும் வாங்கிவிடுகிறார்கள். பீனால் வகை எதுவும் ஊர்வனவுக்கு ஆகாது. பிளீச்சின் நெடியும் ஆபத்துதான். உதரவிதானம் இல்லாததால் அவற்றுக்கு நன்றாக இருமத் தெரியாது, நுரையீரலில் சேர்ந்த சளி வெளியே வருவது கஷ்டம். பெட்டி நெடி போய் முழுக்கக் காய்ந்த பிறகே உயிரைத் திரும்ப விட வேண்டும்.

சொல்லின் பொருள் பார்த்தாலும் நாசினி பொய்தான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி பிளீச்சுக்குச் சாகாது, அதற்குச் சூடான நீராவி வேண்டும். நீக்கி என்றால் துடைத்து எடுப்பதாகத் தோன்றும். எந்தப் பெயரும் முழு உண்மை சொல்லவில்லை, எனவே புட்டிப் பெயரே இருக்கட்டும்.

மார்த்தாண்டம்:

ஈரநேரத்துக்கு என் கையும் உயர்கிறது. அழகில்லை, ஆனால் விளக்கம் கேட்காது.

துண்டறிக்கை தயாரிப்பவர்:

ஈரநேரத்துக்கு என்னையும் சேர்த்து நான்கு பேர் (கன்னியாகுமரி தனி மடலில்), ஊறுநேரத்துக்கு ஒருவர், நிற்புநேரத்துக்கு ஒருவர். வரி இப்படிப் போகிறது: "பிளீச் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி. அன்றன்றைக்குக் கலக்கவும். ஈரநேரம்: 10 நிமிடம், காய்ந்தால் மீண்டும் பூசவும். கம்பிவலை துருப்பிடிக்கும், நேரம் முடிந்ததும் உடனே அலசவும். கழுவுவது சமையலறைத் தொட்டியில் அல்ல, சால்மோனெல்லாக் கிருமி பரவும்." பங்கை எடுத்துவிட்டேன், நிலப்பங்கு என்று நினைத்துவிட்டார்கள்.

தக்கலை:

அச்சிடுங்கள். என் மறுப்பு பதிவாகட்டும். 'பூசவும்' என்பதைப் பற்றியும் எனக்குச் சொல்ல உண்டு. பூசுதல் சந்தனத்துக்கு, தெளித்தல் நீருக்கு. நாளை எழுதுகிறேன்.