பார்படோஸ் அமைச்சரின் லஞ்ச வழக்கு நியூயார்க்கில் நடந்தது ஏன்?

கேள்வி: நெய்தலன்

கரீபிய நாடுகளின் அரசியலைப் பற்றிப் படித்துவருகையில், பார்படோஸின் முன்னாள் அமைச்சர் டான்வில் இன்னிஸ் மீதான வழக்கு என் கவனத்துக்கு வந்தது. தொழில், வணிகத் துறை அமைச்சராக இருந்த அவர், தம் அமைச்சகத்தின் கீழிருந்த முதலீட்டு வளர்ச்சிக் கழகத்தின் காப்பீட்டு ஒப்பந்தங்களை 2015, 2016 ஆம் ஆண்டுகளில் பார்படோஸ் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கே கிடைக்கச் செய்து, அதற்காக ஏறத்தாழ 36,000 அமெரிக்க டாலர் லஞ்சம் பெற்றார் என்பதே குற்றச்சாட்டு. கொடுத்தது பார்படோஸ் நிறுவனம், வாங்கியவர் பார்படோஸ் அமைச்சர், ஒப்பந்தமும் பார்படோஸ் அரசினுடையது. அப்படியிருக்க, அவர் 2018 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் கைதாகி, 2020 ஜனவரியில் நியூயார்க்கின் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு, 2021 ஏப்ரலில் இரண்டாண்டு சிறைத்தண்டனை பெற்றது எந்த அதிகாரத்தின் அடிப்படையில்? பார்படோஸ் அரசு தானே இவ்வழக்கைத் தொடுக்காமல் போனது ஏன்? லஞ்சம் கொடுத்த நிறுவனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

பதில் 1: வழக்காடி

அவர் மீது அமெரிக்காவில் தொடுக்கப்பட்டது லஞ்ச வழக்கு அன்று, சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்படியான வழக்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 1977 முதல் உள்ளதெனினும், அது கொடுப்பவரைத்தான் தண்டிக்கும்; வாங்கும் அதிகாரியை அதன்கீழ் நிறுத்த முடியாது. வாங்குபவரையும் குற்றவாளியாக்கும் தனிச்சட்டம் அங்கே 2023 டிசம்பரில்தான் வந்தது. ஆகவே அரசுத் தரப்பு வேறு வழியில் சென்றது: ஒரு குற்றத்துக்குத் துணைபோகும் நோக்கத்துடன் வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் பணம் அனுப்புவது சட்டவிரோதப் பணப்பரிமாற்றக் குற்றமாகும், அந்த மூலக்குற்றம் வேற்று நாட்டுச் சட்டத்துக்கு எதிரான லஞ்சமாகவும் இருக்கலாம். எனவே பார்படோஸின் பழைய ஊழல் தடுப்புச் சட்டம் மீறப்பட்டதா என்ற கேள்வியை நியூயார்க் நடுவர் குழு ஆராய நேர்ந்தது.

பணம் வந்த வழியைப் பாருங்கள். 2015இல் ஒரு தொகை, 2016இல் இன்னொரு தொகை என இரு தவணைகளாக வந்த பணம் இன்னிஸின் சொந்தக் கணக்குக்கு வரவில்லை. நியூயார்க் மாநிலத்தின் எல்மாண்ட் என்னும் ஊரின் முகவரியைக் கொண்ட பல் மருத்துவ நிறுவனம் ஒன்றின் பெயரிலிருந்த வங்கிக் கணக்கில் அது செலுத்தப்பட்டது. பார்படோஸ் அரசின் காப்பீட்டுக்கும் எல்மாண்டின் பல் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்டிருக்கலாம். அந்தக் கணக்கு பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் இருந்திருந்தால், இவ்வழக்கே இருந்திருக்காது என்பது என் கணிப்பு. இன்னிஸ் அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர் என்பதால், அவரைக் கைது செய்ய நாடுகடத்தல் நடைமுறையும் தேவைப்படவில்லை.

பதில் 2: தமிழ்ச்செல்வி

நிறுவனத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இவ்வழக்கில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி அதுதான். விசாரணைக்கு வழிவிட்டது அந்நிறுவனமே. தன் அலுவலர்கள் செய்ததைத் தானாக முன்வந்து அமெரிக்க நீதித்துறையிடம் தெரிவித்து, விசாரணைக்கும் ஒத்துழைத்ததால், அதன்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று 2018 ஆகஸ்டில் முடிவானது. அந்த ஒப்பந்தங்களால் ஈட்டிய நிகர லாபமான 93,940 டாலரை மட்டும் அது திருப்பிச் செலுத்தியது. காப்பீட்டுக் கட்டணமாக அது பெற்றது ஏறத்தாழ 6,86,827 டாலர். அமைச்சருக்குப் போன 36,000 டாலர் அந்தக் கட்டணத்தில் ஐந்து விழுக்காட்டை ஒட்டியதுதான். லாபத்தோடு ஒப்பிட்டாலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்நிறுவனத்தின் உயர் அலுவலர்களாக இருந்த இருவரின் பெயர்கள் பின்னர் குற்றப்பத்திரிகையில் சேர்க்கப்பட்டன. அமைச்சர் சிறைக்குச் செல்ல, நிறுவனம் லாபத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு தப்பித்துக்கொண்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை இல்லாவிட்டால் எந்த நிறுவனமும் வாய் திறக்காது என்று வழக்காடி சொல்வார், அதையும் மறுப்பதற்கில்லை.

நெய்தலன்

இருவருக்கும் நன்றி. பார்படோஸ் தரப்பு மட்டும் இன்னும் விளங்கவில்லை. 2018 மே மாதத் தேர்தலில் மியா மோட்லியின் கட்சி முப்பது இடங்களையும் கைப்பற்றி, இன்னிஸின் கட்சி ஓரிடம்கூட இல்லாமல் தோற்றது. முந்தைய ஆட்சியின் அமைச்சரை விசாரிக்கப் புதிய அரசுக்கு என்ன தயக்கம் இருந்திருக்கும்?

பதில் 3: கீழைக்காற்று

கைது நடந்தது புதிய அரசு பதவியேற்ற மூன்றாம் மாதத்தில். ஆகவே தயக்கம் என்று சொல்வதைவிட, கையில் கருவி இல்லை என்று சொல்வதே பொருந்தும். இன்னிஸ் இடம்பெற்றிருந்த அரசின் காலத்திலேயே, 2012இல், புதிய ஊழல் தடுப்புச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வெளியாகவே இல்லை. சட்டம் ஏட்டில் கிடந்தது, பழைய சட்டமே நடப்பில் இருந்தது. மோட்லி அரசு கொண்டுவந்த பொதுவாழ்வு நேர்மை மசோதாவும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் 2020இல் தோற்றது. 2021இல்தான் புதிய ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது.

ஏறத்தாழ 2,80,000 பேர் வாழும் தீவில், விசாரிக்கும் அதிகாரியும் விசாரிக்கப்படும் அமைச்சரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாக இருப்பது இயல்பு என்றும், அதனால் வெளிநாட்டு நீதிமன்றமே நல்லது என்றும் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துர்க்ஸ் கைகோஸ் தீவுகளைப் பாருங்கள். அது பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. அமைச்சர்கள் அரசு நிலங்களை விற்றதில் ஊழல் செய்தார்கள் என்ற புகாரை ராபின் ஆல்டு தலைமையிலான ஆணையம் விசாரித்தது. முதலமைச்சர் மைக்கேல் மிசிக் 2009 மார்ச்சில் பதவி விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் அங்கிருந்த தன்னாட்சியையே நிறுத்திவைத்து, ஆளுநரின் நேரடி ஆட்சியைக் கொண்டுவந்தது. மக்கள் மீண்டும் வாக்களித்தது 2012 நவம்பரில்தான். குற்றச்சாட்டுகளை மறுத்த மிசிக் பிரேசிலில் கைதாகி 2014இல் கொண்டுவரப்பட்டார். அவர்மீதும் முன்னாள் அமைச்சர்கள் சிலர்மீதும் நடுவர் குழு இல்லாமல் ஒரே நீதிபதியின் முன் ஆண்டுக்கணக்கில் நடந்த விசாரணை, 2021இல் தீர்ப்பு வருமுன்பே அந்த நீதிபதி காலமானதால் பயனற்றுப் போனது. வெளியார் கை ஓங்கிய இடத்தில் வாக்காளர்கள் மூன்றாண்டுக்கும் மேல் தங்கள் ஆட்சியை இழந்தார்கள், அந்த நீண்ட விசாரணையிலிருந்து தீர்ப்பும் கிடைக்கவில்லை.

பதில் 4: வழக்காடி

கீழைக்காற்று சொல்வது துர்க்ஸ் கைகோஸுக்குப் பொருந்தும். ஆனால் உள்நாட்டு நீதிமன்றத்தின் பாதையும் எளிதன்று என்பதற்கு டிரினிடாட் சான்று. 1995 முதல் 2001 வரை பிரதமராக இருந்த பாஸ்தியோ பாண்டே, லண்டன் வங்கிக் கணக்கு ஒன்றைத் தம் சொத்து அறிக்கையில் காட்டவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டு, 2006இல் இரண்டாண்டு தண்டனை பெற்றார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. தண்டித்த தலைமை மாஜிஸ்திரேட் பாரபட்சமாக நடந்திருக்கக்கூடும் என்ற தோற்றம் இருந்ததே காரணம். அதே காலத்தில் அந்த மாஜிஸ்திரேட்டுக்கும் தலைமை நீதிபதிக்கும் இடையே பூசலும் இருந்தது.

நெய்தலன் கேட்டதற்கு வருகிறேன். பார்படோஸ் அரசே முயன்றிருந்தாலும், எல்மாண்ட் வங்கிக் கணக்கின் பதிவுகளை அமெரிக்காவிடம்தான் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். கணக்கின் உரிமையாளரும் அங்கேதான் இருந்தார். நிறுவனம் முறையிட்டதும் அங்கேதான். பிரிட்ஜ்டவுன் காவல்துறையிடம் அன்று.