ஏர்ஃப்ளோ சென்சாரை வீட்டிலேயே கழற்றிக் கழுவியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈரோடு, ஸ்விஃப்ட் டீசல் 2014

திம்பம் ஏறும்போது மூன்றாவது கியர் தாங்காமல் இரண்டுக்கு இறக்கி, அதிலும் வண்டி திணறினால் முதலில் கிளட்ச் மேல்தான் சந்தேகம் வரும். கிளட்ச் நன்றாக இருந்தது. டர்போ ஹோஸில் கசிவு இல்லை. கரும்புகை இல்லை, செக் என்ஜின் லைட்டும் எரியவில்லை. வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "ஏர்ஃப்ளோ சென்சார் போயிருக்கும் சார், புதுசு போட்டுப் பார்க்கலாம்" என்றார்கள். இந்தப் போட்டுப் பார்க்கிற வேலை எனக்குப் பிடிக்காது. காசு நம்முடையது அல்லவா.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டர் தரும் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் சின்ன ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைப் போனில் பார்த்தோம். நான் ஓட்ட, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்தார். கணக்கு சுலபம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எல்லா சிலிண்டரும் நிரம்பும். 1248 சிசி என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,870 லிட்டர் காற்றை இழுக்கும். நொடிக்கு 31 லிட்டர், எடையில் சுமார் 35 கிராம். இது டர்போ இல்லாத கணக்கு. டர்போ நன்றாக ஊதினால் ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கியும் என் வண்டியில் 40 தாண்டவில்லை. ஆனால் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயில், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோ டர்போ அழுத்தம் ஒழுங்காக இருக்கிறது என்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

ஏர்ஃப்ளோ சென்சாருக்குள் சூடாக வைக்கப்பட்ட ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. காற்று ஓடும்போது அது குளிரும். எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் எத்தனை கிராம் காற்று போகிறது என்று ஈசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், தெரிந்துகொள்கிறது. அந்தப் படலத்தின் மேல் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறினால் காற்று சரியாகப் படாது, அளவு குறைவாகக் காட்டும். காற்று குறைவு என்று நினைத்து, புகை தள்ளக் கூடாதே என்று ஈசியூ டீசலையும் குறைத்துவிடும். அதனால்தான் புகையே இல்லாமல் இழுவை மட்டும் போனது.

கழற்றுவது பெரிய வேலையில்லை. என்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். ஏர் ஃபில்டர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் குழாயில்தான் சென்சார். வயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளரின் பூட்டை அமுக்கிவிட்டு கப்ளர் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. பல பாஷ் சென்சார்களில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, அதுவும் நடுவில் முளை வைத்த ரகம். அதற்கு நடுவில் துளை உள்ள டி20 பிட் வேண்டும். சாதாரண பிட்டை வைத்து மல்லுக்கட்டினால் தலை வழுக்கி, அப்புறம் கட்டிங் பிளேயரைத் தேட வேண்டிவரும்.

ஸ்ப்ரேயில் "ஏர்ஃப்ளோ சென்சாருக்கு" என்று தனியாகப் போட்டிருப்பதையே வாங்குங்கள். கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர், பெட்ரோல் எதுவும் ஆகாது. அவை பிளாஸ்டிக்கையும் மேல்பூச்சையும் தின்றுவிடும். டின்னோடு வரும் மெல்லிய குழலை வைத்துச் சற்றுத் தள்ளி நின்று பத்துப் பதினைந்து தடவை விட்டுவிட்டு அடித்தேன். முதலில் வழிந்தது டீ டிகாக்‌ஷன் நிறம். கையோ துணியோ படவே கூடாது. அரை மணி நேரம் காயவிட்டு மாட்டினேன். அந்த ஸ்ப்ரே சட்டென்று தீப்பிடிக்கும் சாமான், கொசுவர்த்தி பக்கத்தில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மாட்டியபின் அதே மேட்டில் 60க்கு மேல் காட்டியது.

ஆனால் நான் இங்கே எழுத வந்ததே வேறு விஷயத்துக்காக. ஃபில்டர் புதுசாக இருக்கும்போது புழுதி எப்படி உள்ளே போனது? பாக்ஸைத் திறந்து டார்ச் அடித்தால், ஃபில்டருக்கு அந்தப் பக்கம், சுத்தமான காற்று போக வேண்டிய பக்கத்தில், ஒரு மூலையில் மெல்லிய மண் கோடு. கடைசி சர்வீஸில் மூடியின் ஒரு காதை இடுக்கில் உட்கார வைக்காமலே கிளிப்பை மாட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் எம்‑சாண்ட் லாரிக்குப் பின்னால்தான் பாதி வாழ்க்கை போகிறது. இதைச் சரிசெய்யாமல் சென்சாரைக் கழுவிக்கொண்டே இருந்தால் ஸ்ப்ரே கடைக்காரருக்குத்தான் லாபம்.


சென்னை, வேகன்ஆர் பெட்ரோல்

பதிவைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து ஏர்ஃப்ளோ சென்சாரைத் தேடு தேடு என்று தேடினேன். கிடைக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் என்ஜின்களில் பலவற்றில் அது கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்தே ஈசியூ கணக்குப் போட்டுக்கொள்கிறது. எனக்கு வேடிக்கையாக இருந்தது வேறு: போன வருடப் பில்லில் "ஏர்ஃப்ளோ சென்சார் கிளீனிங்" என்று ஒரு வரி போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள். இல்லாத சாமானை எதைப் போட்டுக் கழுவினார்களோ.

மேப் சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு ஸ்க்ரூ, கீழே ரப்பர் ஓ‑ரிங். கொஞ்சம் பிசுக்கு, அவ்வளவுதான். பெட்ரோலில் இது அவ்வளவாக அடைக்காது போல. ஓ‑ரிங் காய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அங்கே காற்று கசிந்தால் ஐடிலிங் ஆடும்.


யாழ்ப்பாணம், டொயோட்டா ஆக்ஸியோ

டொயோட்டாக்காரர்களுக்கு ஒன்று. எங்கள் வாகனங்களில் வருவது டென்சோ சென்சார், இரண்டே இரண்டு சாதாரண பிலிப்ஸ் ஆணிகள். கழற்றியதும் முன்னால் கண்ணாடி மணி போல ஒன்று தொங்கும். எல்லோரும் அதைத்தான் சூட்டுக் கம்பி என்று நினைத்து அதன் மேல் அடிப்பார்கள். அது காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார். காற்றை அளக்கும் பிளாட்டினக் கம்பி உள்ளே, அந்தச் சின்னக் குழாய்க்குள் இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழாய் வாயால் பார்த்தால் தெரியும். ஸ்ப்ரே போக வேண்டியது அங்கே.

இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், முதலில் இந்த வேலையை ஒரு கராஜில் கொடுத்திருந்தேன். பெடியன் கழற்றி, ஏதோ ஒன்றை அடித்து, கெதியாகக் காயட்டும் என்று டயருக்குக் காற்றடிக்கும் ஹோஸாலேயே ஊதிவிட்டான். மாட்டி ஸ்டார்ட் பண்ணியதும் செக் லைட். கோட் பி0102, அதாவது சிக்னல் வரவில்லை. கம்பி அறுந்துபோயிருந்தது. "ஏற்கெனவே பழுதாகத்தான் இருந்தது அண்ணை" என்று சாதித்தார்கள். பழுதான சென்சாரோடு நான் ஓடித்தானே வந்தேன்?

ரீகண்டிஷன் பாகங்கள் விற்கும் கடையில் அதே இலக்கம் போட்ட பழைய ஜப்பான் சென்சார் ஒன்று எடுத்தேன். சென்சாரின் உடம்பில் அச்சிட்ட இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். தோற்றம் ஒரே மாதிரி இருக்கும், அளவீடு வேறாக இருக்கும். எடுத்ததை மாட்டுவதற்கு முன்னர் நானே கழுவினேன். இப்போது இரண்டு வருடமாகக் குறை இல்லை.


மதுரை, ஸ்கேனரோடு பழகுகிறவன்

ஈரோட்டு நண்பர் எண்களைப் பார்த்துவிட்டுக் கழற்றினார், அதனால் பலன் கிடைத்தது. பெரும்பாலானவர்கள் செய்வது தலைகீழ். மைலேஜ் குறைந்தால் சென்சார், ஐடிலிங் ஆடினால் சென்சார், ஹாரன் அடிக்காவிட்டாலும் சென்சார். நான் பார்த்த வண்டிகளில் கழுவித் தேறியவை பாதிகூட இருக்காது.

கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் வித்தை பல டீசல்களில் உதவும். ஈசியூ தனக்குத் தெரிந்த கணக்கில் ஓட்டும். வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். செக் லைட் எரியும், பின்னால் அழித்துக்கொள்ளலாம்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கிறது, காய்ந்தபின் கிளிசரின் அப்படியே நிற்கும். இன்னொன்று: ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். வேலை செய்யும்போதே அது 300 டிகிரிக்கு மேல் சூடாகிறது. கரி மட்டும் என்றால் அந்தச் சூட்டிலேயே எரிந்துவிடும். சிலிகான் படிந்து செத்திருந்தால் எந்தப் பெட்ரோலும் உயிர்ப்பிக்காது.


டொராண்டோ, கொரோலா

மதுரை சொல்வதற்கு என் வண்டியே சாட்சி. பி0171, கலவையில் எரிபொருள் குறைவு என்று கோட். இங்கே கடையில் ஸ்ப்ரே சுலபமாகக் கிடைக்கும். மைனஸ் பத்தில் கப்ளரின் பிளாஸ்டிக் பூட்டு பிஸ்கட்டாக உடையும் என்று தெரிந்து, கராஜுக்குள் வண்டியை விட்டு, முடி காயவைக்கும் ட்ரையரால் கப்ளரைக் கொஞ்சம் சூடாக்கித்தான் கழற்றினேன். கழுவினேன், மாட்டினேன், கோடை அழித்தேன். அடுத்த வாரமே லைட் திரும்பி வந்தது.

அப்புறம்தான் ஃப்யூயல் ட்ரிம்மை உட்கார்ந்து பார்த்தேன். ஈசியூ தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது என்பதுதான் அந்த எண். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. என் வண்டியில் ஐடிலிங்கில் 20க்குப் பக்கம், ஹைவேயில் 5. சென்சார் அழுக்கு என்றால் பொதுவாக நேர்மாறாக இருக்கும். ஐடிலிங்கில் சுமாராக இருந்து, காற்று கூடக் கூட ட்ரிம்மும் ஏறும். ஐடிலிங்கில் மட்டும் ஏறினால், சென்சாரைத் தாண்டிய இடத்தில் எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. காற்று குறைவாக ஓடும்போது அந்த ஓட்டையின் பங்கு பெரிது, நிறைய ஓடும்போது அது கணக்கிலேயே வராது.

சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு வைத்த ரப்பர் ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தால், அடிப்பக்க மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஹோஸ் மாற்றியதும் கோட் போனது, ட்ரிம் மூன்று நான்கில் நிற்கிறது.


திருச்சி, பழைய சான்ட்ரோ

நம்முடையது கிராங்க் சென்சார் கதை, என்ஜின் சுற்றுவதைப் பார்க்கும் சென்சார் அது. வெயிலில் ஓடி என்ஜின் சூடானால் சிக்னலில் நின்றுவிடும். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். கழற்றிப் பார்த்தால் காந்த முனையில் இரும்புத் தூள் முள்ளம்பன்றி மாதிரி நின்றுகொண்டிருந்தது. இதில் சூட்டுக் கம்பி எதுவும் இல்லாததால் துணியால் தாராளமாகத் துடைக்கலாம். துடைத்துப் போட்டதில் கொஞ்ச காலம் ஓடியது. சித்திரை வெயில் வந்ததும் மறுபடி அதே நோய். உள்ளே இருக்கும் காயில் சூட்டில் விட்டுப்போகிறதாம், புதுசு போட்ட பிறகுதான் தீர்ந்தது.


ஈரோடு, ஸ்விஃப்ட் டீசல் 2014

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று தனியாகக் கேட்டவருக்கு: கணக்கு எதுவும் இல்லை. ஏர் ஃபில்டர் மாற்றும்போது பாக்ஸின் சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் சென்சாரைத் தொடாமல் மூடிவிடுங்கள். எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டிருப்பவர்கள் மட்டும் சென்சாரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மேல் தடவினால் எண்ணெய் நேராகப் படலத்தில்தான் போய் உட்காரும்.

துளை வைத்த டி20 பிட்டுக்காக ஒரு முழு செட் வாங்க வேண்டாம். ஈரோடு, பெருந்துறை பக்கம் இருப்பவர்கள் வந்து எடுத்துப்போகலாம். ஸ்ப்ரே மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள், என்னுடையது தீர்ந்துவிட்டது.