வாட்டர்லூ ஆட்டம்: குரூஷிக்கு மட்டும் சேறு கிடையாதா?

அறுகோணன்:
"குரூஷி பீரங்கிச் சத்தத்தை நோக்கி நடந்திருந்தால் நெப்போலியன் வென்றிருப்பார், ஞாயிற்றுக்கிழமை பலகையிலேயே இதை மெய்ப்பித்துவிட்டேன்" என்று நண்பர் செங்குதிரை இங்கே மார்தட்டியிருக்கிறார். பலகை என்பது வாட்டர்லூப் போரை நாங்கள் ஆடிப் பார்க்கும் போர் ஆட்டப் பலகை; குரூஷி, பிரஷ்யரைத் துரத்த நெப்போலியன் தனியே அனுப்பிய தளபதி, போர் நடந்த அன்று களத்துக்கு வந்து சேராதவர். அன்று எதிரில் உட்கார்ந்து பிரஷ்யப் படையை நகர்த்தியவன் நான். போருக்கு முந்தைய இரவு, 1815 ஜூன் 17 அன்று, கொட்டிய மழையில் அந்த வட்டாரம் முழுவதும் சேறாகிவிட்டது என்பதால், சாலையை விட்டு இறங்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நகர்வுப் புள்ளியைக் கூடுதலாகக் கழிக்க வேண்டும் என்று எங்கள் விதித்தாள் சொல்கிறது. நண்பர் அதைக் கழிக்கவில்லை. குரூஷி இருந்த வால்ஹைன் ஊரிலிருந்து போர்க்களத்தை ஒட்டிய பிளான்செனுவா ஊர்வரை சுமார் 33,000 பேரைக் கால் நனையாமல் கூட்டிவந்துவிட்டு, வரலாற்றையே திருத்திவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்.

செங்குதிரை:
தோற்ற பிறகுதான் அறுகோணனாருக்கு விதித்தாள் கண்ணில் படும் என்பது இந்தக் குழுவில் பலரும் அறிந்ததே. நண்பகலுக்குச் சற்று முன்பே பீரங்கி முழக்கம் வால்ஹைனில் கேட்டது. உடனே புறப்படுவோம் என்று குரூஷியின் கீழிருந்த தளபதி ஜெரார் வற்புறுத்தினார். வழியில் டீல் ஆற்றின்மீது மூஸ்தியே பாலம் இடிக்கப்படாமல் நின்றது. பிளான்செனுவாவுக்கு நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான். நான் சாலைக் கட்டங்களில் போனேன், ஆகவே சேற்றுப் புள்ளி எழவேயில்லை.

அறுகோணன்:
பாலத்துக்கு மேற்கே, படைகளைக் குறிக்கும் உங்கள் வில்லைகள் நின்றவை சாலைக் கட்டங்களே அல்ல. சரி, பலகையை விடுங்கள், நடந்ததைப் பாருங்கள். பிரஷ்யத் தளபதி பியூலோவின் படை திய்யோன்-லெ-மோன் ஊரிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பியது. அங்கிருந்து பிளான்செனுவா இன்னும் பக்கம், நேர்கோட்டில் 17 கிலோமீட்டர் அளவுதான். அப்படியும் லான் ஓடைப் பள்ளத்தாக்கில் பீரங்கிகளைக் கையால் இழுத்து மேலேற்றி, அவர்கள் சண்டையைத் தொடங்கும்போது மாலை நாலரை மணி ஆகிவிட்டது. விடியலில் கிளம்பியவருக்கே அந்த நேரம் என்றால், நண்பகலில் கிளம்புபவர் எத்தனை மணிக்கு வருவார்? ஏழரை மணிக்கு நெப்போலியனின் ஏகாதிபத்தியக் காவற்படையின் தாக்குதலே தொடங்கிவிட்டது. உங்கள் குரூஷி அதற்கு முன் வந்தது எப்படி? சேற்றுக்குப் புள்ளி கழிக்காததால்.

செங்குதிரை:
பியூலோ தாமதித்ததற்குச் சேறு மட்டுமா காரணம்? வழியில் வாவ்ர் ஊரின் தெருவில் தீப்பிடித்து அவர் படை நடுவழியில் நின்றதை வசதியாக மறந்துவிட்டீர்கள். என் குரூஷி அந்த ஊருக்குள் போகவேயில்லை. மேலும், அவர் நெப்போலியனின் பக்கத்தில் போய் நிற்க வேண்டிய தேவையும் இல்லை. பியூலோவின் இடப்பக்கத்தைத் தொட்டு இழுத்துப் பிடித்தாலே போதும்.

பகடைப்பித்தன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "வந்து சேர்தல்" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? குரூஷியின் கீழிருந்த எக்சல்மான்சின் குதிரைப்படை முன்னணி தலைகாட்டுவதையா, பீரங்கிகளோடு படை முழுவதும் களமிறங்குவதையா? இதைத் தீர்மானித்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

அறுகோணன்:
எந்தப் பொருளில் சொன்னாலும் சேற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். தீ என்கிறீர்கள், ஒப்புக்கொள்வோம். தீ அணைந்த பிறகும் லான் பள்ளத்தாக்கில் அவர்கள் திணறியது எதனால்? இன்னொன்றையும் சபையில் வைக்கிறேன். சென்ற ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் ஆட்டத்தில் பிக்கெட் என்ற தளபதியின் வில்லையை முன்னே வைத்து, பகடையில் எண் சரியாக விழவில்லை என்றதும் "இன்னும் கையை எடுக்கவில்லை" என்று திரும்ப எடுத்துக்கொண்டவர் இவர்தான். அங்கே கை, இங்கே சேறு.

செங்குதிரை:
அந்தப் பகடை மேசையை விட்டுக் கீழே உருண்டது. கீழே விழுந்த பகடை செல்லாது என்பது உங்கள் வீட்டில் நீங்களே எழுதி ஒட்டிய விதி. வரைபடத்தில் லீன்யி போர்க்களத்தின்மீது தேநீரைக் கொட்டி, அந்த மூலையில் சாலை எது வயல் எதுவென்றே தெரியாமல் ஆக்கியவர் யார் என்பதையும் சபைக்குச் சொல்லியிருக்கலாமே.

பழைய வரைபடம்:
அவலான் ஹில் என்ற ஆட்ட நிறுவனம் 1962இல் வெளியிட்ட வாட்டர்லூ ஆட்டப் பெட்டி என்னிடம் இன்னும் இருக்கிறது என்ற உரிமையில் பேசுகிறேன். நடுவர் இல்லாமல் ஆடினால் இப்படித்தான் முடியும். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி தம் போர் ஆட்டத்தைக் காட்டியபோது பிரஷ்யப் படைத் தலைமைப் பணியகத் தலைவராக இருந்த மூஃப்லிங் அதை ஏற்றுப் படைக்குப் பரிந்துரைத்தார். அதில் நடுவர் சொல்வதே முடிவு. அந்த மூஃப்லிங்தான் வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் பக்கத்தில் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக நின்றவர். நடுவராக இருக்க நான் அணியம்.

செங்குதிரை:
மூன்று ஆண்டுகளாகப் பெட்டியின் பெருமையைக் கேட்கிறோம், ஒருநாளும் திறந்து காட்டியதில்லை. நடுவர் வேண்டாம்.

அறுகோணன்:
நடுவர் வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கும் செங்குதிரையாருக்கும் வேறுபாடில்லை. இனி ஒரு கேள்வி. அவர் குரூஷியை மேற்கே திருப்பிய முறையில் வாவ்ர் பக்கம் பிரஷ்யத் தளபதி தீல்மானின் படை கிட்டத்தட்ட 17,000 பேரோடு இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு போகும் குரூஷியைத் தீல்மான் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாரா?

செங்குதிரை:
தீல்மானை நகர்த்த வேண்டியவர் நீங்கள். நீங்கள் நகர்த்தவில்லை. அதற்கும் என்னையே குறை சொல்வீர்களா?

அறுகோணன்:
நான் நகர்த்தாததற்குக் காரணம், சேற்றுப் புள்ளியைக் கழித்தால் குரூஷி பாலத்துக்கு அப்பால் வந்திருக்கவே முடியாது என்று நம்பி உங்கள் கணக்கைச் சரிபார்க்காமல் விட்டதுதான். நண்பர் என்ற மரியாதை. வரும் ஞாயிறு நான் பிரெஞ்சுப் பக்கம் ஆடுகிறேன், விதித்தாள் என் கையில் இருக்கும்.

செங்குதிரை:
வரைபடம் என்னுடையது. பிரெஞ்சுப் பக்கம் யாருக்கு என்பதை நான் சொல்வேன்.

பகடைப்பித்தன்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.